பச்சை டிக்கும் சிரட்டைக் கரியும்

போதும்... இந்தக் கூட்டத்துல சுற்றறிக்கை, விதிமுறை எல்லாம் பேசியாச்சு. பின் வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விடுறது இங்கிருந்தே தெரியுது. ஒரு சின்னக் கதை சொல்றேன். கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

நம்ம தூத்துக்குடிதான். ஒரு பார்வர்டிங் ஆபீஸ். அடுத்தவங்க சரக்கைக் கப்பலேத்தி அனுப்பி வைக்கிற ஆபீஸ். நாலு மேசை. கண்ணாடி போட்ட ஒரு ஏசி கேபின். கேபினுக்குள்ள முதலாளி, தஸ்நேவிஸ் அண்ணாச்சி. முதல் மேசையில செல்வக்கனி.

செல்வக்கனிக்கு என்ன வேலை? கன்டெய்னர்ப் பெட்டி கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடியே, அது போய்ச் சேருற நாட்டு கஸ்டம்ஸுக்கும் கப்பல்காரங்களுக்கும் கம்ப்யூட்டர் வழியா சொல்லணும். யார் அனுப்புறாங்க, யாருக்கு, உள்ள என்ன. சொன்னா பச்சை டிக் வரும். வந்தாத்தான் பெட்டி ஏறும்.

அன்னைக்கு வைகுண்டமணி போன் பண்றார். ஆபீஸுக்கே சோறு போடுற பார்ட்டி.

"எம்மா கனி, ஒரு கன்டெய்னர். எப்பவும் போல."

எப்பவும் போலன்னா? கயிற்று மிதியடி. கனி என்ன செஞ்சா? நீங்க என்ன செய்வீங்களோ அதேதான். சிரிக்காதீங்க... போன தடவை அனுப்பினதை அப்படியே காப்பி எடுத்து, கன்டெய்னர் நம்பரை மட்டும் மாத்தி, அனுப்பிட்டா.

பச்சை டிக்.

மத்தியானம் வைகுண்டமணியே வர்றார். வெள்ளைச் சட்டை. கைமடிப்பு முழுக்கக் கருப்பு.

"என்ன அண்ணாச்சி, சட்டையில கரி?"

"லோடு ஏத்துறதப் பாத்துட்டு வாரேன் தாயி. இந்தத் தடவ மிதியடி இல்ல, சிரட்டைக் கரில்லா! நல்ல விலை."

கனி கை அப்படியே நின்னு போச்சு.

ஏன்? உங்களுக்குத் தெரியும். வெளியாளுங்க இருந்தா அவங்களுக்காகச் சொல்றேன். சிரட்டைக் கரி, அதான் கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுக்கிற கரி, தானா சூடாகும். மூடின பெட்டிக்குள்ள, யாரும் தீ வைக்காமலே பத்திக்கும். அதனால ஆபத்தான சரக்கு. தனிப் பரிசோதனை, பெட்டி மேல தனி எச்சரிக்கை ஒட்டு, கப்பல்ல தனி இடம். சொல்லலைன்னா? மிதியடின்னு நினைச்சு எங்கேயாவது அடியில, நடுவுல அடுக்கிடுவாங்க.

"அண்ணாச்சி... நான் மிதியடின்னு அனுப்பிட்டேன். இப்பவே திருத்துதேன்."

"ஏ... திருத்தினா பெட்டி நின்னுரும்லா! டிக் வந்துட்டுன்னா விட்டுத் தள்ளு. பெட்டி இந்தக் கப்பல்ல போகல... நான் எதுத்த ஆபீஸுக்குப் போயிருவேன். ஆமா."

கதவை அறைஞ்சுட்டுப் போயிட்டார். கேபின் கதவு திறந்தது. தஸ்நேவிஸ்.

"கனி. சிஸ்டமே சரின்னுட்டு. உனக்கென்ன?"

"சிஸ்டம் சரின்னது நான் சொன்ன பொய்யை அண்ணாச்சி. அதுக்கு என்ன தெரியும்? நான் சொன்னதுதான் தெரியும்."

"அந்தாளு போனா இங்க ஒரு மேசை காலியாவும். முதல் மேசை யாருதுன்னு பாத்துக்கோ."

கனி பார்த்தா. அவளோடதுதான்.

"சரி அண்ணாச்சி. அப்போ மேசை இருக்கும்போதே திருத்திட்டுப் போறேன்."

தஸ்நேவிஸ் அவளைத் தடுத்திருக்கலாம். தடுக்கலை. அங்கேயே நின்னார். அவள் டைப் அடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே... நின்னார்.

டிக் போச்சு. சிவப்பு வந்தது. பெட்டி நின்னது. கப்பல் போயிட்டு. வைகுண்டமணியும் எதுத்த ஆபீஸுக்குப் போயிட்டார்.

இப்போ என்ன எதிர்பார்க்கிறீங்க? துறைமுக யார்டுல கிடந்த அந்தப் பெட்டியில புகை வந்தது, எல்லாரும் ஓடினாங்க, கனி சொன்னது சரியாப் போச்சு... அப்படித்தானே?

இல்லை.

புகை வரலை. ஒண்ணும் ஆகலை. சோதிச்சாங்க, ஒட்டு ஒட்டினாங்க, அடுத்த கப்பல்ல மேல்தளத்துல தனியா ஏத்தினாங்க. போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான். கனி செஞ்சது சரின்னு சொல்ல ஒரு சாட்சி கூட இல்லை.

அப்போ மேசை? ஆமா, ஒரு இடம் காலியாச்சு. எது? ஏசி கேபின். பெரிய பார்ட்டி போனதுல குறைஞ்ச வருமானத்தை ஈடுகட்ட, தஸ்நேவிஸ் அதை ஒரு கொரியர்காரனுக்கு வாடகைக்கு விட்டுட்டார். தன் நாற்காலியைத் தானே இழுத்துட்டு வந்து, முதல் மேசைக்குப் பக்கத்துல, ஃபேன் காத்துல உட்கார்ந்தார். புதுசா பார்ட்டி யார் வந்தாலும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுச் சொல்வாராம்...

"பெட்டிக்குள்ள என்னன்னு இந்தப் பிள்ளைட்ட உள்ளதச் சொல்லணும். அவசரம்னா, எதுத்த ஆபீஸ் தொறந்துதான் இருக்கு."

நண்பர்களே, இந்தக் கதையை ஏன் இங்க சொன்னேன்?

வெளியில கேட்கிறாங்க. "மாப்பிள்ளை என்ன வேலை?" "பார்வர்டிங்." "அப்படின்னா... வாட்ஸப்பா?" நாமும் சிரிச்சுக்கிட்டே தலையைக் குனிஞ்சுக்கிறோம். ஏன் குனியணும்? நடுக்கடல்ல, கப்பல்ல வேலை பாக்குற ஒருத்தன் படுத்துத் தூங்குறான். அவன் முகம் நமக்குத் தெரியாது. நம்ம பேர் அவனுக்குத் தெரியாது. அவனுக்குக் கீழ என்ன இருக்குன்னு அவன் கப்பலுக்குச் சொன்னது யாரு? நாம. இந்தக் கை.

நீங்க டைப் பண்றது கம்ப்யூட்டருக்கு இல்லை. அவனுக்கு.

பெட்டி பத்திரமா சேர்ந்தா யாரும் நம்மைக் கூப்பிட்டு நன்றி சொல்ல மாட்டாங்க. போன் அடிக்காது. ஆபீஸ் அமைதியா இருக்கும்.

அந்த அமைதியைக் கேளுங்க... அது நாம செஞ்சது.