லோஷினியின் பக்கத்து இருக்கை

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு முன்னால் உள்ள சாலையைவிடப் பின்னால் உள்ள இருக்கைகள்தான் நன்றாகத் தெரியும். பாலோவிலிருந்து செனாய் தொழிற்சாலைக்குப் பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். என் மனைவி லோஷினியும் அதே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவாள். நாலாவது வரிசை, சன்னல் ஓரம். பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்டதால் ஒளிக்காமல் சொல்கிறேன். அவளுக்கு அக்குள் வாடை அதிகம். படிகாரம் தேய்த்தாள், எலுமிச்சை தேய்த்தாள், ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாள். போகவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். குளியலறையில் அவள் அழுவது எனக்குக் கேட்கும். "எனக்கு ஒண்ணும் தெரியல லா, நீயா நெனச்சுக்கிற" என்பேன். அந்த வாடை எனக்குப் பழகிவிட்டது. சொல்லப்போனால் பிடித்தும் இருந்தது. அழகான மனைவி, ஆனால் யாரும் நெருங்குவதில்லை. எத்தனை புருஷனுக்கு அந்த நிம்மதி கிடைக்கும்?

போன வருடம் ரூபேந்திரன் என்று புது சூப்பர்வைசர் வந்தான். முதல் நாளே அந்தக் காலி இருக்கையில் போய் உட்கார்ந்தான். முகம் சுளிக்கவில்லை. செனாய் வரைக்கும் பேசினான், அவளும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவன் தங்கைக்கும் இதே தொல்லை இருந்ததாம், ஜோகூர் பாருவில் ஆபரேஷன் செய்து சரியாகிவிட்டதாம்.

"நானும் செஞ்சுக்கிறேங்க" என்றாள் அன்று மாலையே. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அது இன்னொருத்தன் கொடுத்த சந்தோஷம்.

நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று தேதி சொன்னார்கள். தைப்பூசத்துக்கு ஆறு நாள் முந்திய தேதியை எடுத்தவன் நான். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அவள் பால்குடம் எடுப்பாள் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவனும் நான்தான்.

ஆபரேஷன் முடிந்து அவள் அரை மயக்கத்தில் கிடந்தபோது தாதி என்னிடம் பொறுமையாக விளக்கினாள். "அண்ணே, ரெண்டு வாரத்துக்கு கைய தோளுக்கு மேல தூக்கவே கூடாது. தலகூட நீங்கதான் வாரி விடணும். கட்டு இறுக்கமாத்தான் இருக்கும், தளர்த்திறாதீங்க. உள்ள ரத்தம் கட்டிக்கிட்டா தோலு செத்துரும்." எழுதிய தாளும் கொடுத்தாள். அதை பஸ்ஸில் வைத்துப் பூட்டினேன். லோஷினியிடம் அஞ்சு நாள் கையைத் தூக்காமல் இருந்தால் போதும் என்று சொன்னேன்.

பூசத்தன்று காலையில் கட்டு இறுக்குகிறது என்றாள். தளர்த்திவிட்டேன். மஞ்சள் புடவை கட்டிவிட்டு, குடத்தை நானே தலையில் ஏற்றினேன். ஊர்வலம் ஒரு மணி நேரம். வெயில் வேறு. நான் அவள் பக்கத்திலேயே நடந்தேன்.

"வலிக்குதுங்க. ஒரு கையால புடிச்சுக்கவா?"

"வேண்டுதல் லா. ரெண்டு கையாலயும் புடி. கோயில் வந்திருச்சு."

கோயில் வரவில்லை. பாதி வழிதான் வந்திருந்தோம். அவள் ரவிக்கையில் ஈரம் பரவுவதைப் பார்த்தேன். மற்றவர்கள் அதை வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். ரத்தம் கட்டி, தோல் கறுத்து, சீழ் பிடித்து, இன்னும் இரண்டு ஆபரேஷன். ரூபேந்திரன் ஒரு தடவை பார்க்க வந்தான். புண்ணின் நாற்றம் தாங்காமல் வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவளுடைய அண்ணன் குணாளன், நான் சரியாக விசாரிக்காமல் விட்டதால் வந்த வினை என்று புகார் எழுதியிருக்கிறார். அது தவறு. தாதி சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது. எதையும் நான் மறக்கவில்லை. செய்யக்கூடாது என்று சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன்.

தழும்பு இழுத்துப் பிடித்ததில் அவள் கைகள் இப்போது தோளுக்கு மேல் போவதில்லை. வேலையை விட்டுவிட்டாள். காலையில் நான்தான் தலை வாரிப் பின்னி விடுகிறேன். எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான்? நான் நெருங்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மருந்து வாடை இன்னும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.