வண்டியை வலிக்காமல் ஓடவைத்த கிருபா அம்மையாருக்கு

சோமனூர்த் துணிப் பரிசோதனைக் கூடத்தின் துணையே! நூலுக்கும் நெய்தவருக்கும் நியாயம் வழுவாது நின்ற நெஞ்சுரமே! முப்பதாண்டுக் காலம் முகம் சுளிக்காது உழைத்து, முகமலர்ச்சியோடு விடைபெறும் எங்கள் தலைமைத் தொழில்நுட்பரே, அன்பு அக்கா கிருபா அம்மையாரே! பணியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

நைந்த துணிக்கு நற்சான்று கேட்டு எத்தனை பெரியவர்கள் வந்து நின்றபோதும் தங்கள் கை கையெழுத்திட இணங்கியதில்லை. அதைப் பாராட்ட மேடையில் பலர் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல விரும்புவது வேறொன்று. நேராகச் சொன்னால் கூச்சப்பட்டு இடையிலேயே நிறுத்திவிடுவீர்கள் என்பதால், யாரோ ஒருவரின் கதைபோல ‘அவர்’ என்றே சொல்கிறோம். பொறுத்தருள்க!

அவருடைய கணவர் கதிர், தறிக்கூடத்தில் நூல் சுற்றிய கனத்த பாவு உருளை மேலே சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கியவர். உயிர் பிழைத்தது, கால்களில் பாதி உணர்வும் முதுகில் முழு வலியும் தங்கின. வாரந்தவறாமல் கோவைக்குச் சென்று பயிற்சி எடுத்தால் எழுந்து நடக்கலாம் என்றார் மருத்துவர். ஆனால் வாடகைக் காரில் கதிரால் உட்காரவே முடியவில்லை. அதனால்தான் அம்மையார், முன்னிருக்கையை முழுக்கச் சாய்த்துப் படுக்க வசதியுள்ள ஒரு பழைய பெரிய காரை வாங்கினார்.

வாங்கிய சில மாதங்களில் வண்டி ஓடும்போது பின்பகுதி உலுக்கத் தொடங்கியது. எஞ்சின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்னும் கனத்த இரும்புப் பெட்டியை ஆடாமல் அணைத்துப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் புஷ்கள் வெடித்துப்போயிருந்தன. கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். சத்தம் கேட்டபோதெல்லாம் கதிர் பல்லைக் கடித்தார்.

பட்டறையில் வண்டியை மாதக்கணக்கில் விட்டுவைக்கச் சொன்னார்கள். சிகிச்சை அதுவரை காத்திருக்காதே! பரிசோதனை எந்திரம் மக்கர் செய்தால் தாமே கழற்றி மாட்டிப் பழகிய அம்மையார், வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினார். நம் எலக்ட்ரீசியன் முஜீப் துணைக்குப் போனார். காரை ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின்மேல் அசையாமல் நிறுத்தினார்கள்.

“அக்கா, நீங்க தள்ளிக்கங்க. அடியில நான் படுக்கறேன்” என்றார் முஜீப்.

“வேண்டாம் தம்பி. நானே பார்க்கறனுங்க. நீங்க ஜாக்கியைப் பிடிச்சுக்கங்க” என்று அம்மையாரே வண்டிக்கடியில் நுழைந்தார்.

பெட்டியை மெல்ல இறக்கி, துருவோடு ஒட்டிக் கிடந்த பழைய புஷ்களை நீண்ட போல்ட்டைப் பூட்டி முறுக்கி முறுக்கி வெளியே இழுத்தார்கள். இவ்வளவு பிரித்தபின் பழையபடியே மாட்டுவானேன், ஒரேயடியாக உயர்ந்த ரகமாகவே மாற்றிவிடலாம் என்று அம்மையாருக்கு ஆசை. பந்தய வண்டிகளுக்குப் போடும் கெட்டியான பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் புஷ், இறுக்கமான ஸ்பிரிங், புதிய ஷாக் அப்சார்பர் என எல்லாவற்றையும் வரவழைத்துப் பூட்டினார். சத்தம் அடியோடு நின்றது. வளைவுகளில் வண்டி சாயவேயில்லை.

“எப்படி இருக்குதுங்க?” என்று அந்த வாரம் கோவைக்கு ஓட்டிக்கொண்டே கேட்டார்.

“நல்லாருக்குது அம்மணி. நீ ஓட்டு” என்றார் கதிர்.

மருத்துவமனை வாசலில் கதிரால் இருக்கையைவிட்டு எழ முடியவில்லை. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கேட்டதற்கு, ரோடு மோசம் என்றார். அடுத்த வாரம் கிளம்பும் நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “இனி நான் வரலை அம்மணி. உட்டுப்போடு. நடக்காட்டிப் போகுது, இப்படியே ஊட்டுல கெடந்துக்கறேன்.”

அம்மையார் வாதாடவில்லை. முஜீபை அழைத்துச் சாவியைக் கொடுத்தார். கணவரின் இருக்கையில் தாமே மல்லாந்து படுத்து, கோவைச் சாலையில் ஓட்டச் சொன்னார். கருமத்தம்பட்டிவரை தாங்கிக்கொண்டார். நீலாம்பூர் வருவதற்குள் கண்களிலிருந்து நீர் வழிந்து காதுகளுக்குள் இறங்கியது. சாலையின் ஒவ்வொரு சிறு மேடும் அந்தக் கெட்டிப் புஷ் வழியாக ஏறி, முதுகுத்தண்டில் வந்து குத்தியது.

“நிறுத்துங்க தம்பி. இதுலயா அந்த மனுசன் படுத்துட்டு வந்தாரு? நல்லாருக்குதுன்னு வேற சொன்னாரு!”

“வண்டி சரியாத்தானக்கா இருக்குது?”

“வண்டிக்குச் சரிதானுங்க. அவருக்கு?”

அன்று மாலையே கார் மீண்டும் இரும்புத் தாங்கிகளின்மேல் ஏறியது. ஆசையாசையாகப் பூட்டியதையெல்லாம் அவரே கழற்றினார். கோவையில் ரப்பர் வார்க்கும் ஒருவரைப் பிடித்து, அதிர்வை விழுங்கும்படி மென்மையான புஷ் வார்க்கச் செய்தார். தளர்வான ஸ்பிரிங்கும் மிருதுவாக இயங்கும் ஷாக் அப்சார்பரும் தேடிப் பூட்டினார். மறுபடி முஜீப் ஓட்ட, மறுபடி தாமே படுத்துப் பார்த்தார். பிறகுதான் கணவரிடம் போனார்.

“ஒரே ஒரு தடவை வாங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிப்போடோணும். எனக்காகப் பொய் சொல்லப்படாது.”

கதிர் வந்தார். ஊரைத் தாண்டியதும் அவரிடமிருந்து பேச்சில்லை. மறுபடியும் மறைக்கிறாரோ என்று அம்மையார் வேகத்தைக் குறைத்தார். “வலிக்குதுங்களா?” என்றார். பதில் இல்லை. பதறிப்போய் ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். கதிர் வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பின் பயணத்தில் அவர் கண்ணயர்ந்தது அதுவே முதல் முறை. மருத்துவமனை சேர்ந்த பிறகும் எழுப்ப மனமின்றி அம்மையார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கதிர் விழித்தார். “வந்துட்டமா? எழுப்பியிருக்கலாமுல்ல அம்மணி?”

அம்மையார் ஸ்டியரிங்மீது தலைவைத்து அழுதார்.

சிகிச்சை தொடர்ந்தது. வலி இன்றும் முற்றாகப் போகவில்லை. ஆயினும் கதிர் அண்ணன் ஊன்றுகோலை ஊன்றி, வாசலிலிருந்து முன்வரிசை நாற்காலிவரை இன்று தாமே நடந்து வந்ததை இங்குள்ள அனைவரும் கண்டோம்!

அன்பு அக்காவே! தாம் செய்தது பிழை என்று தெரிந்த கணமே, தயங்காமல் தம் கையாலேயே பிரித்தெறியும் துணிவு தங்களுடையது! அடுத்தவர் வலியைக் கேட்டறிவதோடு நில்லாமல், அவர் இடத்தில் படுத்தறிந்த பரிவு தங்களுடையது! தாங்களும் கதிர் அண்ணனும் நோய் அணுகாது, மனம் வாடாது, நெடுங்காலம் இணைந்து வாழ்க! இத்தனை காலம் ஓட்டியது போதும் அக்கா. இனித் தாங்களும் சற்றுக் கண்ணயருங்கள். எங்கு போக வேண்டுமென்றாலும் சொல்லியனுப்புங்கள். ஓட்டுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

நீங்கா அன்புடன்,
துணிப் பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்,
சோமனூர்.