முந்தின நாள் சொதி

"பொய் சொல்லக் கூடாதுன்னுதாம்மா தெருவே சேர்ந்து சொதி வச்சோம்."

அம்பாசமுத்திரம் பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் என் முன் சீட்டில் கேட்டது இது. சொன்னவர் காய்கறிப் பையோடு வந்த ஒரு அக்கா. பக்கத்தில், வீடுவீடாகப் போய் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பல்கலைக்கழக ஆய்வு மாணவி.

"எல்லா வீட்டுத் தாள்லயும் கல்யாண வீட்டுச் சொதியான்னு எங்க சார் தூக்கி எறிஞ்சிட்டாங்கக்கா."

"புதன்கிழமை வந்து, நேத்து என்ன சமைச்சியன்னு கேப்பேன்னு முன்கூட்டியே நீதான சொன்ன? வெறும் ரசம்னு எப்படிச் சொல்ல? அதான் செவ்வாக்கிழமையே தேங்காப்பால் பிழிஞ்சு சொதி வச்சிட்டோம்."

"மறுபடியும் எடுக்க நிதி இல்லக்கா. அரசாங்கத்துலேருந்து வரவே இல்ல. என் உதவித்தொகையே நாலு மாசமா நின்னு கெடக்கு."

"அப்ப நீ நேத்து என்னத்தச் சாப்பிட்ட?"

மாணவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் சொல்லாதட்டி. எங்கூட இறங்கு, இன்னைக்கிச் சொதி வைக்கேன். நாளைக்கு யாரும் கேட்டா உண்மையச் சொல்லலாம்லா."