மீன்வளத்துறைக்கு வந்த மன்னிப்புகள்

…அதெல்லாம் இல்ல மேடம், என் சர்வர் மேல பழி போடாதீங்க! பதினெட்டு வருஷமா இந்த செமராங் காலேஜ்ல மெயிலைக் கட்டி மேய்க்கிறவன் இந்த வாஹ்யூ. ஸ்காலர்ஷிப் கடிதம் வரலைன்னா ஜப்பான்காரன் அனுப்பலைன்னு அர்த்தம். உக்காருங்க, தெம்பே வறுவல் எடுத்துக்கங்க.

என்னது? கூட விண்ணப்பிச்ச தோழிக்கு வந்துடுச்சா? இன்னிக்கு ஜப்பான் நேரம் அஞ்சு மணிக்குள்ள சம்மதம் சொல்லணுமா? அப்ப நமக்கு மூணு மணி… இன்னும் இருபது நிமிஷம் இருக்கே, எதுக்குப் பதர்றீங்க?

உங்க மீன்வளத்துறை பொது முகவரியைத்தானே குடுத்தீங்க? சபாஷ்! சொந்த முகவரி குடுக்கக்கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டதே நான்தான். அந்த ஒரு முகவரிக்கு வந்தா துறையில நாப்பது பேருக்கும் போற மாதிரி ஏலியஸ் எழுதி வச்சிருக்கேன். என்ன பிரயோஜனம்? அவனவன் வாட்ஸ்அப்ல கெடக்கான்!

நோன்பு முடிஞ்சு ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்பு கேக்கற லெபாரான் பெருநாள் வந்தா மட்டும் மெயில் ஞாபகம் வந்துடும். டீன் ஐயா, 'தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையை மன்னிச்சிடுங்க'ன்னு பொது முகவரிக்குப் போட்டார். நாப்பது பேரும் அதே முகவரிக்கே, 'எங்களையும் மன்னிச்சிடுங்க'. ஒவ்வொரு பதிலும் மறுபடி நாப்பது பேருக்கு! கூடவே மசூதிப் படம், குடும்பப் படம்… டிஸ்க் ரொம்பி வழியுது. எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. எனக்கு சோலோ ஊருக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாச்சு, வீட்டுக்காரி போன் மேல போன். கடுப்புல… ஒரே ஒரு வரி எழுதினேன். யூனிக்ஸ்ல ஒரு குப்பைக்குழி உண்டு மேடம். அதுல விழுந்தது விழுந்ததுதான், தோண்டி எடுக்க முடியாது. பொது முகவரிக்கு வர்றதையெல்லாம் அதுல தள்ளிடுன்னு… ரெண்டே நாளைக்குத்தான்! அப்புறம் என்னா நிம்மதிங்கறீங்க! ஆறு வாரமா ஒருத்தர்கூட மூச்சு விடல.

இருங்க, ஃபைலைத் திறக்கறேன். மீன்வளம்… மீன்வளம்…

ம்.

பக்கத்துல 'தற்காலிகம் – வாஹ்யூ'ன்னு எழுதியிருக்கேன் பாருங்க. குறிப்பெல்லாம் நான் ஒழுங்கா எழுதிடுவேன்.

அப்படிப் பாக்காதீங்க மேடம். இதோ, வரியை அழிச்சிட்டேன். இனிமே வர்றது வரும்… வந்தது போச்சு. சரி, ஜப்பானுக்கே போன் போட்டுக் கேட்டுடலாம், அதுக்குத்தான் நேரம் இருக்கே… மணி என்ன?

ஐயோ, மூணு பத்தா!

ஏன் மேடம், நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன்… நீங்களாவது நிறுத்தியிருக்கக் கூடாதா?