ஐந்து கண் பாலத்துக்காக ஊர் பேசியதை ஒரு சொல் குறையாமல் எழுதிய, இன்று பணி ஓய்வு பெறும் தனகோடி அம்மையாருக்கு

சொல்லைச் சுருக்கினும் பொருளைச் சுருக்காத சுருக்கெழுத்துச் செல்வமே! பத்து மணி அலுவலகத்துக்கு ஒன்பதரைக்கே வந்து தட்டச்சுப் பொறியின் தூசி துடைத்த தூயவரே! பதினோரு அதிகாரிகளின் கிறுக்கலையும் படிக்கத் தெரிந்த ஒரே புலமையே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காத முதல்வியே! வணக்கம்!

குணங்களை வரிசையாகச் சொன்னால் அம்மையார் எழுந்து போய்விடுவார். ஆகவே ஒரேயொரு நாளை மட்டும், அவர் கேட்டிருக்க, அவையோர்க்குச் சொல்கிறோம்.

1974 மாசி மாதம். மரக்காணம் உப்பங்கழியின் குறுக்கே, தண்ணீர் போக ஐந்து திறப்புகளோடு நிற்கும் ஐந்து கண் பாலத்தில் இரண்டு தூண்கள் விரிசல் கண்டிருந்தன. செப்பனிடுவதா, இடித்துவிட்டுக் குழாய்கள் பதித்த தாழ்பாலம் போடுவதா என்று ஊரைக் கேட்கப் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். வந்த அதிகாரியோ தாழ்பாலம்தான் என்று மனத்தில் முடித்துக்கொண்டே வந்திருந்தார். பேசுவோர் பேச்சைக் குறிப்பெடுக்க நம் அம்மையார் உட்கார்ந்தார்.

அனுமந்தை மீனவர் சிங்காரம் முதலில் எழுந்தார். "கொழா வெச்சிட்டா எங்க படகு எப்படி சார் உள்ள போவும்?"

உப்பளத்தில் வேலை செய்யும் அந்தோணியம்மாள் குரலை உயர்த்தினார். "ஓதத்தண்ணி அஞ்சு கண்ணு வழியா வந்தாத்தான் சார் எங்க உப்புப் பாத்திக்கு எட்டும். கொழாவுல சேறு அடைச்சிக்கினா நாங்க எந்த உப்ப வார்றது?"

"லாரி போவணும் சார், பழசு தாங்காது, புதுசே போடுங்க" என்றார் கூனிமேட்டு வியாபாரி ஒருவர். அதையும் அம்மையார் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதிகாரி குனிந்து மெல்லச் சொன்னார்: "இவ்வளவும் எதுக்கும்மா? பொதுமக்கள் ஒப்புக்கொண்டனர்னு ஒரு வரி போடுங்க."

"எல்லாரும் ஒப்புக்கலீங்களே சார்."

கணவரை இழந்து, இரண்டு பெண்களை இந்த ஒரு வேலையை வைத்தே வளர்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனாலும் எழுந்து நின்றார். "எழுதினத எல்லாருக்கும் படிச்சிக் காட்டிட்டுத்தான் சார் கையெழுத்து வாங்கணும்" என்றவர், பேர் சொல்லிப் பேர் சொல்லி, அவரவர் பேச்சை அவரவருக்கே படித்தார். "அதான், அதேதான் நான் சொன்னது" என்று கொட்டகை எழுந்தது. பொழுது சாய்வதற்குள் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டார்கள். கடைசியாக அதிகாரியும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு வந்தது. பதினோரு மாதம் விடியலில் பேருந்து பிடித்துத் திண்டிவனம் போய் வந்தார் அம்மையார். யாரிடமும் முறையிடவில்லை. நாங்களும் அன்று வாய் திறக்கவில்லை; இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அந்த ஏடு மேலே போனது. அதைப் படித்த தலைமைப் பொறியாளர் கடல் ஓதம் ஏறும் வேளையில் நேரில் வந்து, தண்ணீர் போகும் வழியைத் தாமே நின்று பார்த்தார். தூண்கள் இரண்டும் புதிதாய் எழுந்தன. லாரி தாங்கும்படி மேல்தளம் வலுப்பெற்றது. ஐந்து கண்களும் அப்படியே நின்றன.

மாற்றல் முடிந்து மரக்காணம் திரும்பி வந்தபின் தெரிந்தது, அம்மையார் அந்தப் பாலத்தை அதுவரை பார்த்ததே இல்லை! அந்தோணியம்மாள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கீழே ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. "இங்க நில்லுங்கம்மா. நீங்க எழுதினதுதான் ஓடுது" என்றார். சுருக்கெழுத்தில் எதையும் தவற விடாத அம்மையார் அன்று குனிந்து, ஐந்து கண்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

அம்மையீர்! உப்புக் காற்று தொடாத உடல்நலமும், பேரப்பிள்ளைகள் சூழ்ந்த பெருவாழ்வும், மாலைதோறும் பாலத்தில் நடக்க வலுவான கால்களும் நூறாண்டு உங்களுக்கு வாய்க்கட்டும்! அங்கே உங்களைக் கண்டு வண்டியை நிறுத்தாமல் போக ஊரில் ஒருவருக்கும் மனம் வராது.

30.4.1978, மரக்காணம்

தங்கள் அன்பை என்றும் மறவா
அலுவலகத் தோழர்கள்
தட்சணாமூர்த்தி, வெங்கடாசலம், ஜெயா மற்றும் அனைவரும்