சிவப்பு இலையில் பச்சை விட்டில்

க்ளைவ்: மெதுவா வாங்க மேவிஸ்... பறந்துடப் போகுது.

மேவிஸ்: இந்தக் குளிர்லயா? வெயில் ஏறுற வரைக்கும் அது அசையாது. எங்க?

க்ளைவ்: மேப்பிள் மரத்துல, அந்தத் தாழ்ந்த கிளை. செக்கச்செவேல்னு ஒரு இலை இருக்குல்ல... அது மேல.

மேவிஸ்: அட, பச்சை விட்டில் பூச்சி.

க்ளைவ்: படம் நல்லா வருமா?

மேவிஸ்: காலண்டர்லயே போடலாம். ஆமா... என்ன, தோட்டமெல்லாம் சருகாக் கிடக்கு? ஒரு இலை விழுந்தா வாரியைத் தூக்கிட்டு ஓடி வர்ற ஆளாச்சே நீங்க.

க்ளைவ்: இடுப்பு வலி.

மேவிஸ்: வேலியில கொடியையும் வெட்டாம விட்டிருக்கீங்க.

க்ளைவ்: அதுவும் இடுப்புதான்.

மேவிஸ்: ம்... முந்தாநாள் தும்பி, நேத்து பொறிவண்டு, இன்னிக்கு இது. எட்டு வருஷமா பக்கத்து வீட்டுல இருக்கேன். இந்த ரெண்டு வாரமாத்தான் உங்க தோட்டத்துல இவ்வளவு கூட்டம்.

க்ளைவ்: உங்க வீட்டை வாங்குறவங்க இன்னிக்குத்தான வர்றாங்க?

மேவிஸ்: கொஞ்சம் தள்ளுங்க, நிழல் விழுது.

க்ளைவ்: லீட்ஸ்ல உங்க மகன் வீட்டுல தோட்டம் இருக்கா?

மேவிஸ்: ஆறாவது மாடி. ஜன்னல்ல ஒரு தொட்டி வச்சுக்கலாம்னான்.

க்ளைவ்: தொட்டிக்கு என்ன வரும்... ஈதான் வரும்.

மேவிஸ்: ஈயையும் படம் எடுக்கலாம். க்ளைவ், இந்த விட்டில் பகல்ல எங்க உக்காரும், தெரியுமா?

க்ளைவ்: ...மரத்துலதான?

மேவிஸ்: ஓக் மரத்துல. பாசி படிஞ்ச பட்டையில ஒட்டிக்கிட்டா பறவை கண்ணுக்கே தெரியாது. உசுர் மேல ஆசை இருக்கிற எதுவும் இப்படிச் சிவப்பு இலையில வந்து உக்காராது.

க்ளைவ்: வழி தவறி வந்திருக்கும்.

மேவிஸ்: இந்தப் பக்கம் ஓக் மரம் சர்ச்சுக்குப் பின்னாடிதான் இருக்கு.

க்ளைவ்: ஜாம் பாட்டில்ல கொண்டு வந்தேன். மூடியில ஓட்டை போட்டுத்தான். சிவப்புல பச்சை எடுப்பா இருக்கும்னு நெனச்சேன்.

மேவிஸ்: தும்பி?

க்ளைவ்: அது குளத்துலேர்ந்து. அங்கதான் வழுக்கி விழுந்தேன். இடுப்பு வலி பொய் இல்ல.

மேவிஸ்: எதுக்கு இந்தப் பாடு?

க்ளைவ்: இங்க பூச்சி நிறைய இருந்தா போக மனசு வராதோன்னு... நீங்க போறது எனக்குப் பிடிக்கல, மேவிஸ். சரி, கிளம்புங்க. அவங்க வர்ற நேரமாச்சு.

மேவிஸ்: யாரும் வர மாட்டாங்க. வீடு விக்கிறதா இல்லன்னு போன வாரமே சொல்லிட்டேன். உங்ககிட்ட சொன்னா... மறுநாள் காலையில பூச்சி பார்க்க என்னைக் கூப்பிட மாட்டீங்களோன்னு பயம்.