கடைக்காரன் மேல் தப்பில்லை

படகுத்துறை டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் நின்றார்கள்.

“எட்டு கடை ஏறிட்டேன்க்கா. சிகரெட் கேட்டதும் எடுத்துக் குடுத்துட்டான். ஒருத்தன்கூட ஐசி கேக்கல.” தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்ப எட்டும் ஃபெயில்னு எழுது.”

“சூப்பர்வைசர் எழுத வேணாம்னுட்டாரு. கடைக்காரன் மேல தப்பில்லையாம். என் மூஞ்சி மேலதானாம்.”

பதினெட்டு ஆகாதவர்களுக்குக் கடைகளில் சிகரெட் விற்கிறார்களா, இல்லை ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் கேட்கிறார்களா என்று சோதிக்கும் வேலை இருவருக்கும். சின்னப்பிள்ளை முகம் உள்ளவர்களாகப் பார்த்து அனுப்புவார்கள் போலிருக்கிறது.

“உன்கிட்ட கேட்டாங்களா?” என்றாள் தங்கை.

“எல்லா கடையிலயும். ஒரு அங்கிள், ‘ஸ்கூலுக்குப் போகாம சிகரெட்டா’ன்னு திட்டி வெரட்டிட்டாரு.”

“சிரிக்காத லா! உனக்கு இருபத்தஞ்சு, எனக்குப் பத்தொம்பது. என்னைப் பாத்து, ‘வேற என்ன வேணும் அக்கா’ங்கிறான்.”

“அதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?”

“நாளைக்கு அந்த ரெட்டை ஜடை வேணாம். நல்லா லிப்ஸ்டிக் போட்டுட்டு வா.”

“அப்புறம் எனக்கும் வேலை போயிரும் லா.”

“போகட்டுமே.”

இதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. தங்கை சலுகை டிக்கெட்டுக்காகத் தன் மாணவர் அட்டையை நீட்டினாள். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்தாள்.

“ஐசி இருக்கா?” என்று கேட்டாள்.